மதுசாரமும் மாதிரி விமானமும்

மாதிரி விமானங்களை வானில் ஏற்றும் சின்னஞ்சிறு இயந்திரங்களுக்கு எதனோலை எரிபொருளாக ஊற்றினால் என்ன நடக்கும்? வேலையற்ற பொழுதில் எழும் கேள்வியாக இது பலருக்குத் தோன்றலாம். ஆனால், இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்டோர் பல தசாப்தங்களாகவே இதனைச் செய்து பார்த்து வந்திருக்கின்றனர். அதன் வரலாற்றைப் பின்தொடர்ந்து போனால், வழியில் வரி அறவிடுவோரும் மதுவிலக்குச் சட்டமும் உலக யுத்தமும் நமது யாழ்ப்பாணத்தின் பொருளாதாரத் தடையும் எதிர்ப்படுகின்றன. இயந்திரம் எதனோலை மறுத்ததாக எங்கும் காணவில்லை. மறுத்தவர்கள் வேறு ஆட்கள்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. மதுசாரம் என்று நாம் பொதுவாகச் சொல்வது எதனோலை. கள்ளிலும் சாராயத்திலும் இருப்பது அதுவே. சீனி ஆலைக் கழிவுப்பாகு, சோளம், உருளைக்கிழங்கு எதிலிருந்தும் அதனைப் புளிக்கவைத்து வடித்தெடுக்கலாம். மெதனோல் என்பது அதன் கூடப்பிறந்த சகோதரம். முன்னர் மரத்தைக் கரியாக்கும்போது வடித்து எடுக்கப்பட்டதால் மரச்சாராயம் என்றும் பெயர் பெற்றது. பார்வைக்கும் மணத்துக்கும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. உடலுக்குள் போனால்தான் வித்தியாசம் தெரியும். மெதனோல் ஈரலிலே போமிக்கமிலமாக மாறிக் கண்ணின் நரம்பை அழிக்கும், உயிரையும் எடுக்கும். 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட கள்ளச்சாராயத்தில் இருந்தது இந்த மெதனோலே. உலகெங்கும் மாதிரி விமானக்காரர்களின் கையிலும், அவர்களோடு மைதானத்துக்குப் போகும் பிள்ளைகளின் கையிலும் போத்தல் போத்தலாக இருந்துவந்ததும் இதுவே. விஷமற்ற சகோதரம் ஒன்று இருக்க விஷமுள்ளது ஏன் தெரிவாயிற்று என்பதைத்தான் இங்கு எழுத விரும்புகிறேன். நான் கலைப்பட்டதாரி, இரசாயனத்தை எனக்கு விளங்கிய அளவிலேயே சொல்கிறேன்.

இச்சிறு இயந்திரத்தின் இருதயம் ஒரு பிளாற்றினக் கம்பிச் சுருள். அதன் கதை விமானம் தோன்றுவதற்கு வெகு முன்னரே தொடங்குகிறது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்குப் பாதுகாப்பு விளக்கைச் செய்துகொடுத்த சேர் ஹம்ப்ரி டேவி, 1817இல் ஒரு புதுமையைக் கண்டார். சூடாக்கிய பிளாற்றினக் கம்பியை எரியத்தக்க வாயுவும் காற்றும் கலந்த இடத்தில் வைத்தால், சுவாலை எதுவும் இல்லாமலே கம்பி செந்தணலாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. மதுசார ஆவியிலும் ஈதர் ஆவியிலும் இதே விளைவு கிடைத்தது. இதனைப் பயன்படுத்திச் சுவாலையற்ற விளக்கு ஒன்றும் செய்யப்பட்டது. மதுசார விளக்கின் திரிக்கு மேல் பிளாற்றினச் சுருளை வைத்து, ஏற்றி, பின்னர் சுவாலையை ஊதி அணைத்துவிட்டாலும் சுருள் ஒளிவிட்டுக்கொண்டே இருக்கும். கம்பி தான் எரிந்துபோகாமல், தன் மேற்பரப்பில் மதுசாரத்தை ஒட்சிசனுடன் சேர்த்துவைக்கும் ஊக்கியாகத் தொழிற்படுகிறது. 130 ஆண்டுகளின் பின் விமானத்தில் பூட்டப்பட்ட அதே சங்கதியை அன்று செய்துகாட்டிய திரவங்களுள் எதனோலும் ஒன்று.

இயந்திரங்களின் வரலாற்றிலும் மதுசாரம் மூத்தது. அமெரிக்கரான சாமுவேல் மோரி 1826இல் காப்புரிமை பெற்ற உட்தகன இயந்திரம் மதுசாரமும் கற்பூரத்தைலமும் கொண்டே இயங்கியது. ஜேர்மனியில் நிக்கொலஸ் ஒற்றோ 1860களின் தொடக்கத்தில் செய்த பரிசோதனைகளிலும் மதுசாரம் இடம்பெற்றது. அக்காலத்து அமெரிக்க வீடுகளில் விளக்கெரித்ததும் மதுசாரமும் கற்பூரத்தைலமும் கலந்த எண்ணெயே. பின்னர் உள்நாட்டு யுத்தம் வந்தது. யுத்தச் செலவுக்குப் பணம் தேடிய வாஷிங்டன் அரசாங்கம் 1862இல் வடித்த மதுசாரத்துக்குக் கலன் ஒன்றுக்கு 20 சதம் வரி விதித்தது. 1865இல் அது 2 டொலராக ஏறியது. குடிப்பதற்கா, விளக்குக்கா, இயந்திரத்துக்கா என்று சட்டம் கேட்கவில்லை. விளக்கெண்ணெய் வணிகம் ஒரே அடியில் படுத்துவிட, அப்போதுதான் தலையெடுத்திருந்த மண்ணெண்ணெய் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. தொழிற்றுறைக்கான மதுசாரத்தின் மீதிருந்த அவ்வரி நீங்க 1906ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் ஒரு தலைமுறை இயந்திரங்கள் பெற்றோலுக்கெனவே வடிவமைக்கப்பட்டுவிட்டன.

மாதிரி விமானமும் பெற்றோலோடுதான் பிறந்தது. சாமுவேல் லாங்லி, தான் கட்டவிருந்த பெரிய விமானத்தின் காற்பங்கு அளவான மாதிரியை 1901ஆம் ஆண்டு ஜூன் மாதம் பெற்றோல் இயந்திரம் பூட்டிப் பறக்கவிட்டார். பெரிய விமானம் 1903இல் போட்டோமக் ஆற்றில் விழுந்தது, மாதிரியோ பறந்தது. பொதுமக்கள் கைக்கு இத்தகைய இயந்திரம் வந்தது 1930களில். பிலடெல்பியாவைச் சேர்ந்த வில்லியம் பிறவுண் செய்த ஏறக்குறைய 10 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தைப் பூட்டிய மக்ஸ்வெல் பசெற், 1933ஆம் ஆண்டு தேசியப் போட்டியில், இறப்பர் பட்டி முறுக்கிப் பறந்த மற்றவர்களின் மாதிரிகளையெல்லாம் வெகு இலகுவாக வென்றார். அதன்பின் இயந்திர மாதிரிகளுக்குத் தனிப்பிரிவே வகுக்க வேண்டியதாயிற்று. பெற்றோல் மூன்று பங்கும் தடித்த எண்ணெய் ஒரு பங்கும் கலந்ததே அவற்றின் உணவு. தீப்பொறி உண்டாக்குவதற்குப் பற்றரி, சுருள், ஒடுக்கி என்று ஒரு மூட்டையையே விமானம் சுமக்க வேண்டியிருந்தது.

பிறவுண் தமது இயந்திரத்தைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். 1920இல் தொடங்கிய அது 1933 டிசம்பரில்தான் முடிந்தது. தொழிற்றுறைக்கென விடப்பட்ட மதுசாரத்தை எவரும் குடித்துவிடாதபடி அதில் நஞ்சு கலக்கவேண்டும் என்பது சட்டம். 1927இல் நடைமுறைக்கு வந்த புதிய கலவையில் மெதனோலின் பங்கு மேலும் கூட்டப்பட்டது. குடித்தவர்கள் செத்தார்கள், குடிப்பது நிற்கவில்லை. அத்தகைய நாட்டில் ஓர் இளைஞன் தன் விளையாட்டு இயந்திரத்துக்குத் தூய எதனோல் வாங்கப் போயிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

ஐரோப்பாவில் கதை வேறு வழியில் திரும்பியது. இரண்டாம் உலக யுத்தத்தில் பெற்றோலும் பற்றரியும் பொதுமக்களுக்குக் கிடைக்காமற் போக, சுவிற்சர்லாந்து, இத்தாலி, ஜேர்மனி, பிரான்ஸ் ஆகிய நாடுகளின் ஆர்வலர்கள் தீப்பொறியே தேவைப்படாத இயந்திரத்தை நாடினர். 1941இல் வெளிவந்த சுவிஸ் நாட்டு 'டைனோ 1' இவ்வகையில் முன்னோடி. மாதிரி டீசல் என்று இவற்றை அழைப்பர். உண்மையில் டீசல் எண்ணெய் இதில் இல்லை. ஈதர் ஒரு பங்கு, மண்ணெண்ணெய் ஒரு பங்கு, ஆமணக்கெண்ணெய் ஒரு பங்கு. அமுக்கத்தினால் உண்டாகும் சூட்டிலேயே ஈதர் பற்றிக்கொள்ளும்; அது மூட்டிய தீயில் மண்ணெண்ணெய் எரிந்து வேலை செய்யும்; ஆமணக்கெண்ணெய் உராய்வைத் தணிக்கும். இந்த ஈதர் எங்கிருந்து வருகிறது? எதனோலைக் கந்தகவமிலத்துடன் சூடாக்கிப் பெறப்படுவதே ஈதர். தன் பெயரில் நுழைய முடியாத மதுசாரம் பிள்ளையின் பெயரில் மாதிரி விமானத்துள் ஏறிக்கொண்டது என்று சொல்லலாம்.

எழுப்பிவிட ஒன்று, உழைக்க மற்றொன்று என்ற இந்த ஏற்பாட்டை யாழ்ப்பாணத்தார் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டு எரிபொருளுக்குத் தடை விழுந்தபின், குடாநாட்டில் பெற்றோல் அருமருந்தாயிற்று. மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகையால் சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் காபுறேற்றரில் விட்டு இயந்திரத்தை உசுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகை பின்னால் எழும். பிளக்கில் கரி பிடிக்கும். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் ஓட்டுவார்கள். அக்காலத்தில் செய்தி சேகரித்துத் திரிந்த நான் அத்தகைய கார்கள் பலவற்றில் ஏறியிருக்கிறேன். வைத்தியசாலைக்கு நோயாளியை ஏற்றிச் சென்றவையும் அவையே. பொறியியல் நூல் எதையும் புரட்டாத கராஜ்காரர்கள் செய்த அவ்வித்தைகளை எவரேனும் ஒழுங்காகப் பதிவுசெய்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும். மாதிரி டீசல்களைச் செய்த ஐரோப்பியர்களுக்குச் சஞ்சிகைகள் இருந்தன. நம்மவர்களுக்கு ஒரு கொப்பி கூட இருக்கவில்லை.

யுத்தம் முடிந்ததும் அமெரிக்காவில் எல்லாம் ஒரேயடியாக மாறியது. நியூயோர்க்கைச் சேர்ந்த றே ஆர்டன் 1947இல் குளோ பிளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். டேவியின் பிளாற்றினச் சுருளேதான், ஒரு பிளக்குக்குள் அடங்கியிருந்தது. ஒன்றரை வோல்ற்று மின்கலத்தால் சுருளைச் செந்தணலாக்கி, இயந்திரம் இயங்கத் தொடங்கியதும் மின்கலத்தைக் கழற்றிவிடலாம். அதன்பின் மதுசார ஆவி பட்டுப்பட்டுச் சுருள் தானாகவே ஒளிர்ந்துகொண்டிருக்கும். பற்றரி மூட்டை ஒழிந்தது. ஒரு கன சென்ரிமீற்றரிலும் குறைந்த கொள்ளளவுடைய இயந்திரங்களைக் கொக்ஸ் நிறுவனம் கலிபோர்னியாவில் இலட்சக்கணக்கில் செய்து விற்றது இந்தப் பிளக்கின் தயவில்தான்.

இப்புதிய பிளக்குக்கு ஏற்ற எரிபொருளாக மெதனோல் வந்தமர்ந்தது. அதற்குத் தொழில்நுட்பக் காரணங்கள் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. பிளாற்றினத்தின் மேல் மெதனோல் எதனோலைவிட உற்சாகமாக ஒட்சியேறும். ஒரு கிலோகிராம் மெதனோல் ஆவியாகும்போது ஏறக்குறைய 1100 கிலோயூல் வெப்பத்தை உறிஞ்சும். எதனோல் 840 அளவில். பெற்றோல் 350 அளவில். ஆகவே, மெதனோல் ஊற்றிய இயந்திரம் குளிர்ச்சியாக ஓடும். ஆனால், மற்றக் காரணங்கள் இரசாயனத்தில் இல்லை. ஜேர்மனியின் லொய்னாவில் 1923 முதல் காபனோரொட்சைட்டையும் ஐதரசனையும் சேர்த்து மெதனோலைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கியபின் அது மலிந்துபோயிற்று. குடித்தால் சாவு என்பதால் அதற்கு மதுவரியும் இல்லை. எதனோலுக்கோ குடிப்பவனுக்குரிய வரி. அல்லது நஞ்சு கலந்து நீலமோ ஊதாவோ நிறமேற்றிய ஸ்பிரிற்று. அந்த நஞ்சும் பெரும்பாலும் மெதனோலே. வரியைச் செலுத்தி விஷமற்றதை வாங்குவதா, வரியின்றி விஷத்தை வாங்குவதா என்ற தெரிவில் விளையாட்டுப் பொருள் உற்பத்தியாளர் எதனைத் தெரிவார் என்பது வெளிப்படை. பின்னர் சர்வதேச வானோட்டச் சம்மேளனம் தனது வேகப் போட்டிகளுக்கு 80 வீதம் மெதனோலும் 20 வீதம் ஆமணக்கெண்ணெயும் என்று அளவு குறித்தபோது அத்தெரிவு சட்டமாகவும் ஆயிற்று.

ஆமணக்கெண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. நமது பாட்டிமார் மாதமொருமுறை மூக்கைப் பிடித்துப் பருக்கிய அதே எண்ணெய்தான். முதலாம் உலக யுத்தத்தின் சுழல் இயந்திர விமானங்கள் அதனையே பயன்படுத்தின; விமானிகள் அதன் புகையைச் சுவாசித்து வயிற்றுப் போக்கால் அவதியுற்றதும் பதிவாகியுள்ளது. பெற்றோலில் கரைய மறுக்கும் இந்த எண்ணெய் மெதனோலிலும் தூய எதனோலிலும் தாராளமாகக் கரையும். ஆக, எண்ணெயின் பக்கத்திலிருந்தும் எதனோலுக்கு ஆட்சேபம் எழவில்லை.

சரி, மெதனோலுக்குப் பதிலாக எதனோலை ஊற்றினால்? இயந்திரம் ஓடும். ஆனால், ஊசி வால்வைத் திருகி எரிபொருளைக் குறைக்க வேண்டும். ஒரு கிலோ மெதனோல் எரிய ஆறரைக் கிலோ காற்றுப் போதும்; எதனோலுக்கு ஒன்பது கிலோ; பெற்றோலுக்கு ஏறக்குறைய பதினைந்து. சிலிண்டர் இழுக்கும் காற்று மாறாததால் எதனோல் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகக் குறைவாகவே செலவாகும். மெதனோலில் கிலோவுக்கு 20 மெகாயூல், எதனோலில் 27 மெகாயூல் சக்தி இருப்பதால், கணக்குப் பார்த்தால் ஒரே அளவு காற்றுக்குக் கிடைக்கும் வலுவில் பெரிய வித்தியாசம் இல்லை. அதே தாங்கியோடு கூடுதல் நேரம் பறக்கலாம். குறை வேறிடத்தில் வருகிறது. சுருள் போதிய அளவு ஒளிராமையால் தொடக்குவது சிரமம்; மெதுவாக ஓடும்போது அணைந்துபோகவும் பார்க்கும். இதற்குச் சூடு கூடிய ரகப் பிளக்கைப் போடுவார்கள், அல்லது மெதனோலில் ஒரு பங்கை எதனோலோடு கலந்து சமரசம் செய்வார்கள். நைத்திரோமெதேன் சிறிது சேர்ப்பாரும் உளர்.

பெரிய வில்லன் தண்ணீர். சாதாரண வடிப்பினால் எதனோலை 95.6 வீதத்துக்கு மேல் தூய்மையாக்க இயலாது. எஞ்சிய தண்ணீர் அதனோடு சேர்ந்தே ஆவியாகிச் சேர்ந்தே வடியும். அதை நீக்கத் தனித் தொழில்நுட்பம் வேண்டும். நீக்கினாலும், மூடியைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பெற்றோலோடு கலந்திருந்தால் தண்ணீர் கூடக்கூட எதனோலும் தண்ணீரும் அடியில் தனியே பிரிந்து நிற்கும். பம்பு நிலையத்து எதனோல் பெற்றோலை வாங்கி மாதிரி இயந்திரத்தில் ஊற்றியோர் பலரின் முறைப்பாடு இதுவே: ஒரு வாரம் நன்றாக ஓடியது, மறுவாரம் அசையவில்லை.

இவையெல்லாம் திருத்தக்கூடிய குறைகள் என்பதை மனிதர் ஏறிப் பறக்கும் விமானங்களிலேயே நிறுவிக் காட்டியிருக்கிறார்கள். பிறேசிலில், சாவோ யோசே டோஸ் கம்போஸிலுள்ள விமானப்படைத் தொழில்நுட்ப மையத்தில், ஊர்பானோ ஸ்ரும்ப் என்ற பொறியியலாளர் ஆண்டுக்கணக்கில் மதுசார இயந்திரங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1973இல் மசகெண்ணெய் விலை பலமடங்கானதும் அவ்வாய்வு திடீரெனப் பெறுமதி பெற்றது. 1975 நவம்பரில் பிறேசில் தனது தேசிய மதுசாரத் திட்டத்தை அறிவித்தது. அடுத்த ஆண்டே எதனோலில் ஓடும் மூன்று கார்கள் நாட்டைச் சுற்றிவந்தன. 1979இல் மதுசாரக் கார்கள் விற்பனைக்கு வந்தன. இப்பயணம் சீராக அமையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1989 அளவில் எதனோலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு மக்கள் மதுசாரக் காரை வெறுத்த காலமும் உண்டு. அதே 1989இல் ரெக்சாஸ் பேய்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மக்ஸ் ஷோக், எதனோல் நிரப்பிய ஒற்றை இயந்திரச் சிறு விமானத்தில் அற்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்தார்.

2004இல் பிறேசிலின் 'இப்பனேமா' விவசாய விமானம் எதனோலில் பறப்பதற்கான அத்தாட்சியைப் பெற்றது. தொழிற்சாலையிலிருந்து எதனோலுக்கென்றே அத்தாட்சி பெற்று வெளிவந்த முதல் விமானம் அதுவே. பெற்றோலில் 300 குதிரைவலு தந்த அதன் இயந்திரம் எதனோலில் 320 தந்தது. எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். ஆனால் ஈயம் இல்லை. விமானப் பெற்றோலில் ஈயம் கலக்கும் வழக்கத்துக்கு வித்திட்ட கண்டுபிடிப்பு நிகழ்ந்தது 1921இல். இயந்திரத்தின் தட்டொலியை நிறுத்த எதனோலும் உதவும் என்பதை அன்றே அறிந்திருந்தும், காப்புரிமை எடுக்கத்தக்க ஈயச் சேர்வையை அமெரிக்க மோட்டார் கம்பனிகள் விரும்பின. வீதியில் ஓடும் கார்களுக்கான பெற்றோலில் ஈயத்தை உலகம் முற்றாகக் கைவிட்டது 2021இல். அமெரிக்காவின் சிறு விமானங்களில் அது இன்னும் எரிகிறது.

மெதனோலை எதனோல் நேருக்கு நேராக வெளியேற்றிய சந்தர்ப்பம் ஒன்றும் உண்டு. இண்டியானாபொலிஸ் 500 மைல் ஓட்டத்தில் 1964இல் பெற்றோல் தீயில் இரு சாரதிகள் மாண்டபின், அடுத்த ஆண்டு முதல் கார்கள் மெதனோலுக்கு மாறின. தண்ணீரால் அணைக்கலாம் என்பது அதன் சிறப்பு. அதன் சுவாலை பகலொளியில் கண்ணுக்குத் தெரியாது என்பது அதன் கொடுமை. 1981இல் றிக் மியர்ஸ் என்ற சாரதி எரிபொருள் நிரப்புமிடத்தில் தீப்பற்றித் துடித்தபோது, சுற்றி நின்றோர் பலருக்கு அவர் எரிகிறார் என்பதே உடனே புரியவில்லை. 2007இல் அப்பந்தயத் தொடர் எதனோலுக்கு மாறியது. எதனோலின் சுவாலை மஞ்சளாகத் தெரியும். மாதிரி விமான மைதானத்திலும் இதே அபாயம் இருக்கிறது. பட்டப்பகலில் ஒரு போத்தல் மெதனோல் பற்றிக்கொண்டால், கையைச் சுட்ட பின்னரே தெரியவரும்.

இப்பொழுது இந்தப் பொழுதுபோக்கின் பெரும்பகுதி மின்மோட்டருக்கும் லிதியம் பற்றரிக்கும் போய்விட்டது. எஞ்சியோருக்கும் நெருக்கடி குறைவில்லை. வெடிபொருள் செய்வோரைத் தடுக்கும் நோக்கில் ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல், 16 வீதத்துக்கு மேல் நைத்திரோமெதேன் கொண்ட கலவைகளைப் பொதுமக்களுக்கு விற்பதைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. எதனோல் பக்கம் பலர் மீண்டும் திரும்பிப் பார்ப்பதற்கு மெதனோலின் நஞ்சோடு இத்தகைய சட்டங்களும் காரணம்.

இந்தியா 2025இல் பெற்றோலில் 20 வீதம் எதனோல் என்ற இலக்கை எட்டியது. இலங்கை 2020 ஜனவரியில் எதனோல் இறக்குமதியைத் தடைசெய்து, பெல்வத்தை, செவனகல ஆகிய சீனி ஆலைகளின் எதனோலுக்குச் சந்தையை ஒதுக்கிக் கொடுத்தது. அதில் பெரும்பகுதி சாராயப் போத்தலுக்கே போகிறது. 2022இல் எரிபொருள் வரிசைகளில் நாட்கணக்கில் மக்கள் நின்ற வேளையிலும், அவர்களுட் சிலர் வரிசையிலேயே உயிர்விட்ட வேளையிலும், இந்த நாட்டில் மதுசாரம் வடிக்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. அதனை ஆளுவது பிரித்தானியர் காலத்து மதுவரிக் கட்டளைச் சட்டம். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கம். அச்சட்டம் எழுதப்பட்டபோது இலங்கை வானில் விமானம் ஒரு புதினம். மாதிரி விமான இயந்திரமோ கடைக்கே வந்திருக்கவில்லை.